நீலம் கலக்காத தண்ணீர்

எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயமில்லை. கரண்டைக் கண்டாலும் பயமில்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விட்டு ஸ்விட்சைத் தட்டும் அந்த ஒரு நொடிதான் பயம். அடிவயிற்றில் ஆரம்பித்து உள்ளங்கை வியர்வையில் வந்து நிற்கும். வாரம் முழுக்க ஆபீஸில் மாரடித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் இந்தப் பயத்தை வலியப் போய் இழுத்துக்கொண்டிருந்தவள் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் புனேயில், கோந்த்வாவில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். நானும் கணவரும் கோயமுத்தூர்க்காரர்கள். இரண்டு பேருக்கும் மகர்பட்டாவில் வேலை, வேறு வேறு கம்பெனி. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பிராசஸர் சூடாகாமல் இருக்க அதன் தலையில் உட்கார வைக்கும் வாட்டர் பிளாக்குகளை வரவழைத்து, மாட்டிப் பார்த்து, எது உருப்படி எது குப்பை என்று இணையத்தில் ஒரு ஃபோரத்தில் எழுதுவேன். வாட்டர் பிளாக் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் செம்புக் கட்டி. உள்ளே வாய்க்கால் வெட்டியிருக்கும். மேலே அக்ரிலிக் மூடி, மூடியில் இரண்டு மூக்கு. சின்ன மோட்டார் ஒன்று ஒரு மூக்கு வழியாகத் தண்ணீரைத் தள்ளும். அது சூட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு மூக்கு வழியாக வெளியே போகும்.

"ஊரே கம்ப்யூட்டர் மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுறக் கூடாதுன்னு பயப்படுது. நீ குழாயே போட்டு உள்ள உடறயே கண்ணு," என்பார் என் கணவர். நான் ஸ்விட்ச் போடும் நேரம் பார்த்து அவருக்கு மட்டும் பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஃபோரத்தில் நான் வைத்திருந்த புனைபெயரை வைத்து என்னை எல்லோரும் ஆண் என்றே நினைத்தார்கள். பாஸ், பிரதர் என்றுதான் எழுதுவார்கள். நானும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் செம்பைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு என்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். என் எழுத்துக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. அது ஒரே ஒரு விஷயத்தால் வந்தது. ஒழுகல் சோதனை.

மற்றவர்கள் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'ஒழுகவில்லை' என்று எழுதிவிடுவார்கள். நான் இருபத்து நாலு மணி நேரம் ஓட்டுவேன். பிளாக்கைக் கம்ப்யூட்டரில் மாட்டாமல், ஒரு தட்டில் தனியாக வைத்து, மூக்கு இரண்டையும் சுற்றி டிஷ்யூ பேப்பர் சொருகி, மோட்டாரை மட்டும் ஓட விடுவேன். தண்ணீரில் இரண்டு துளி சொட்டு நீலம் கலந்துவிடுவேன். ஆமாம், வெள்ளைச் சட்டைக்குப் போடும் அதே சொட்டு நீலம்தான். ஒரு கடுகளவு கசிந்தாலும் டிஷ்யூவில் நீலமாகத் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த டிஷ்யூவை ஒரு தாளில் ஒட்டி, எந்த பிளாக், எத்தனை மணி நேரம் என்று எழுதி ஃபைலில் வைப்பேன். பிளாக்கின் ஓரத்தில் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன், நான் பார்த்த உருப்படி என்பதற்கு அடையாளமாக. கிறுக்கு என்றுதான் என் கணவர் சொன்னார். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தச் சொட்டு நீலத்தால்தான் பாய் எனக்குப் பழக்கமானார். ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தமிழிலேயே விட்டிருந்தேன். மறுநாளே ஒரு தனிச் செய்தி வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழாக. "அண்ணே, சொட்டு நீலம்னு போட்டிருக்கீங்களே, நீங்க நம்ம ஊரா?" ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து புனே கேம்ப் ஏரியாவில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பவர். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாடி அறை. வெயில் ஏறினால் கம்ப்யூட்டர் சூடாகிப் பாதி வேலையில் அணைந்துபோகிறது, தண்ணீர் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தார். நான் போன் நம்பரைக் கொடுத்தேன். என் குரலைக் கேட்டதும்தான் நான் பெண் என்று அவருக்குத் தெரிந்தது. அப்புறம் சிரித்துவிட்டு, "மாஃப் பண்ணுங்க தங்கச்சி," என்றார். அன்றிலிருந்து தங்கச்சிதான். ஊரை விட்டு வந்து இந்தியும் மராத்தியும் பேசித் தேய்ந்த நாக்குக்கு, அவர் அப்படிக் கூப்பிடுவது பிடித்திருந்தது. நல்ல பிளாக் வந்தால் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஏப்ரலில் போசரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து ஒரு பிளாக் வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் பாதி விலைக்கு உள்ளூரிலேயே கடைந்திருந்தார்கள். வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் கூட ஒரு சீட்டும் வந்திருந்தது. சாயம் எதுவும் கலக்கக் கூடாது, சனிக்கிழமை காலை கூரியர்காரர் வருவார், சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. சரி, ஒரு தடவை நீலம் இல்லாமல் பார்த்தால் என்ன என்று வியாழக்கிழமை சாயங்காலம் வெறும் தண்ணீரை விட்டு மோட்டாரை ஓட விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டிஷ்யூவும் காய்ந்திருந்தது. சமையலறைக்குப் போனேன். மைக்ரோவேவ் கடிகாரம் பன்னிரண்டு நாற்பது என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்து நாற்பது நிமிஷம் ஆகிறது என்று அர்த்தம். எப்போது போனது என்பதை அது சொல்லாது. அப்போதெல்லாம் லோடு ஷெடிங் காலம். பேப்பரில் ஒரு நேரம் போடுவார்கள், போவது இன்னொரு நேரம். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் தட்டில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மோட்டார் மணிக்கணக்கில் நின்றிருக்கிறது.

திரும்பி வந்து டிஷ்யூவைக் கையில் எடுத்தேன். ஒரு இடத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்கு, பேப்பர் சுருங்கி விறைப்பாக இருந்தது. நனைந்து காய்ந்த பேப்பர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏப்ரல் வெயிலில் எது நனைந்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். நீலம் கலந்திருந்தால் கறை காட்டிக்கொடுத்திருக்கும். வெறும் தண்ணீர் எதைக் காட்டும்? சொருகும்போது என் கை ஈரம் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி ஓட்ட நேரமில்லை, விடிந்தால் கூரியர். இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று பட்டறைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சிவப்புப் பொட்டை வைத்தேன், பெட்டியில் கட்டினேன், 'இருபத்து நாலு மணி நேரம், ஒரு சொட்டு ஒழுகவில்லை' என்று எழுதினேன். பாய்க்கும் போன் செய்து, இதை வாங்குங்கள் என்றேன்.

மே மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவர் ஏதோ வேலையாக ஆபீஸுக்குப் போயிருந்தார். பாயிடமிருந்து போன்.

"தங்கச்சி, மாட்டிப் பதினஞ்சு நாள் ஆச்சு. மிஷின் ஒரு தடவை அணையல. கூரை கொதிக்குது, இது ஜில்லுனு ஓடுது."

"நல்லது பாய்," என்றேன்.

"ஒழுகுதான்னு நான் ஓட்டிக்கூடப் பாக்கல. நீங்கதான் இருபத்து நாலு மணி நேரம் ஓட்டிட்டீங்களே, நான் எதுக்கு மறுபடி ஓட்டணும்னு நேரா மாட்டிட்டேன். காலையிலேர்ந்து ஒரு பேக்கரிக்காரர் வூட்டுக் கல்யாண வீடியோ எடிட்டிங் ஓடிக்கிட்டு இருக்கு. பொண்ணப் பெத்த அத்தா, அந்தப் பேக்கரிக்காரரு, கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே மவுத்தாயிட்டாரு. வர்ற வாரம் நாப்பதாம் நாள் பாத்திஹா. அதுக்குள்ள கேசட் குடுங்க, அவரு நடக்குறதைப் பாக்கணும்னு அந்தப் புள்ள அழுவுது." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, இந்தச் செம்போட ஓரத்துல சிவப்பா ஒரு பொட்டு இருக்கே, அது கம்பெனி மார்க்கா?"

ஏதோ உளறிவிட்டுப் போனை வைத்தேன். பட்டறைக்காரர்கள் நான் திருப்பிக் கொடுத்த அதே உருப்படியைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். அதே மூடி, அதே மூக்கு. ஓடிப்போய் ஃபைலை எடுத்தேன். தாளில் என் கையெழுத்தில் '24 மணி' என்று இருந்தது. பக்கத்தில் ஒட்டிய டிஷ்யூவில் அந்தச் சுருக்கம். விரலால் தடவிப் பார்த்தேன். மொட மொட என்றது.

திரும்பக் கூப்பிட்டேன். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். அந்த லைனிலேயே அவர் இன்டர்நெட்டும் வைத்திருந்தார், அதில் உட்கார்ந்துவிட்டால் மணிக்கணக்கில் கிடைக்காது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடி ஆட்டோ பிடித்தேன். லுல்லா நகர் சிக்னலில் நின்ற நேரம் முழுக்க என் கண்ணில் ஒரு சொட்டுதான் நின்றது. மூக்கிலிருந்து இறங்கித் தொங்குகிற சொட்டு. கம்ப்யூட்டருக்குள் அவர் கை வைத்தால்? ஷாக் அடித்தால்? பயத்தோடு பயமாக இன்னொரு அசிங்கமான நினைப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகாமல் இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு, வேறு மூடி மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். "ஜல்தி சலோ பையா," என்று ஆட்டோக்காரரை நான் விரட்டிய விரட்டில் அவர் ஒரு தடவை திரும்பி முறைத்தார்.

மரப்படி ஏறினேன். தகரம் அனலைக் கொட்டியது. பாய் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

"அட, வாங்க தங்கச்சி! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. இருங்க, ச்சாய் சொல்றேன்."

"சும்மாதான் பாய். பிளாக்கை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

கேம்ப் ரோட்டுத் தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டரை ஒரு பழைய பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தார். துணியை எடுத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தனியாக ஓட்டிப் பார்ப்பதைத் தவிர, என் பழைய கட்டுரையில் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தார். தண்ணீரில் சொட்டு நீலம் கலந்திருந்தார். மூக்கைச் சுற்றி டிஷ்யூ சொருகி, ஒரு மாசம் எடுக்கக் கூடாது என்று நான் எழுதியிருந்ததற்காக எடுக்காமல் வைத்திருந்தார்.

டிஷ்யூவில் நீலம் இருந்தது. வட்டத்துக்குள் வட்டமாக, ஒவ்வொரு நாளும் கசிந்து காய்ந்து, கசிந்து காய்ந்து, வெளிவட்டம் இன்னும் ஈரமாக. டிஷ்யூவின் கீழ் நுனியில் ஒரு சொட்டு கோத்துக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே, பெட்டியின் தரையில், மாட்ட இடமில்லாமல் படுக்க வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்.

"பாய், அந்த டிஸ்க்ல என்ன இருக்கு?"

"அதுலதான் பேக்கரிக்காரர் வூட்டுக் கல்யாணம் இருக்கு."

"டேப்பு?"

"டேப்புல அடுத்த நிக்காஹ் எடுத்துட்டேனே." சொல்லிக்கொண்டே குனிந்தவர் சொட்டைப் பார்த்துவிட்டார். "யா அல்லா."

அவர் கை பின்பக்கத்து பிளக்கைத் தேடிப் போனது. "பிடுங்காதீங்க!" என்று கத்தினேன். டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தது. பாதியில் பிடுங்கினால் உள்ளே இருப்பது என்னவாகும் என்று எனக்கும் தெரியாது. "வேலைய நிறுத்துங்க. முறையா ஷட் டவுன் குடுங்க." அவர் மவுஸைத் தேடினார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினார். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. காத்திருக்கவும் என்று திரை சொன்னது.

சொட்டு பெருத்துக்கொண்டே வந்தது. நான் தரையில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள், கரண்டுக்கு நடுவில், என் உள்ளங்கையை நீட்டி டிஸ்க்குக்கு மேலே பிடித்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல் கிட்டித்துப்போயிருந்தது. முழங்கை தகரத்தில் பட்டுவிடக் கூடாது, விரல் போர்டைத் தொட்டுவிடக் கூடாது. மின்விசிறி ஓடும் சத்தம். திரையில் அதே காத்திருக்கவும்.

சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. இரண்டாவதும் விழுந்தது. அப்புறம்தான் மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

டிஸ்க்கை நான் கழற்றினேன். அதன் முதுகில் நீலமாக ஒரு பழைய கறை இருந்தது, ஏற்கெனவே ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருக்கிறது. பில் அடிக்க வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் அதை மாட்டினோம். அது எழுந்து உட்கார எடுத்துக்கொண்ட நேரத்தில் பாய் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதக்கூட எதுவும் வரவில்லை. டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. ஃபோல்டர் திறந்தது. பாய் ஒன்றைத் தட்டினார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் பிரியாணி வைத்த பெரிய சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேமராவைப் பார்த்துவிட்டு, என்னை எடுக்காதே, சாப்பிடுகிறவர்களை எடு என்று கையை ஆட்டிச் சிரித்தார். யாரும் சொல்லாமலே அவர் யார் என்று தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் சொன்னேன். ஆபீஸ், மைக்ரோவேவ், ஐஸ் தட்டு, சுருங்கிய டிஷ்யூ, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நெசமா எத்தன மணி நேரம் ஓடுச்சு?"

"தெரியல பாய். பதினஞ்சு இருக்கலாம். அதுவும் சரியாத் தெரியல."

"எழுதுறப்பவே தெரியாதுங்கறது தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானாக இருந்தால் காதில் ரத்தம் வரும்வரை திட்டியிருப்பேன். அவர் எழுந்துபோய், மூக்கிலிருந்த நீல டிஷ்யூவை மெதுவாக உருவி, ஒரு சிடி உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். "உங்க ஃபைல்ல வச்சுக்குங்க," என்றார். சொல்லியனுப்பிய டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஃபோரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சில பேர் திட்டினார்கள், சில பேர் நேர்மை என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்கள்தான் என்னை அதிகம் கூச வைத்தார்கள். அதற்கப்புறம் நான் எந்த பிளாக்கையும் சோதித்து எழுதவில்லை. பயம் போகவில்லை. இப்போதும் கரண்ட் போய் வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன், எவ்வளவு நேரத்தைத் தெரியாமல் விட்டேன் என்று.

எட்டு ஒன்பது நாள் கழித்துப் பாயிடமிருந்து போன் வந்தது.

"கேசட் குடுத்துட்டேன். பாத்திஹா அன்னிக்கு எல்லாரும் உக்காந்து பாத்தாங்களாம். அந்தப் புள்ள ரொம்ப சந்தோஷப்பட்டுச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"ரொம்ப நன்றி பாய். மிஷினுக்கு நான் வேற ஒண்ணு நல்லதா..."

"வேணாம். பழைய ஃபேனே போட்டுக்கிட்டேன்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "வச்சிடட்டுமா மேடம்?"